ஐநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

எங்கள் கோர்ப்பிவாரா மலைக்கு அடியில் அணுக்கழிவைப் புதைக்க முடியுமா என்று பார்க்க வந்த கம்பெனி, பதின்மூன்று வருடம் அங்கே துளை போட்டது. தெற்கேயிருந்து ஆட்கள் வருவார்கள், இரண்டு குளிர்காலம் தாங்குவார்கள், போய்விடுவார்கள். கடைசிவரை நிலைத்த உள்ளூர் ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி துவோவி கெம்பைனன். இன்னொருவன் நான், எய்னோ. அதற்கு முன்னால் பால் வண்டி ஓட்டினேன். பிறகு அதே சாலையில் கல் வண்டி.

துளை போடும் இயந்திரம் பாறையைத் தூளாக்குவதில்லை. வட்டமாக அறுத்துக்கொண்டே இறங்கும். நடுவில் நிற்கும் கல், டார்ச் லைட் பருமனில் நீளநீளமான உருளையாக மேலே வரும். அதைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, மூடிப்போன பால் கூட்டுறவுக் கட்டடத்துக்கு நான் கொண்டுபோவேன். அங்கே நீள மேசைகள் போட்டு துவோவி காத்திருப்பாள். ஈரப் பஞ்சால் கல்லைத் துடைப்பாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள், ஒவ்வொரு வெடிப்பையும் அளந்து தாளில் எழுதுவாள். இரும்புச் சுரங்கம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தவள். சுரங்கம் மூடியதும், நாற்பது வயதில், பிறந்த ஊருக்கே திரும்பியிருந்தாள். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்டால், "உனக்கு இன்னைக்கு இறக்க வேண்டிய பெட்டி எத்தனை?" என்பாள்.

வெடிப்பை ஏன் அளக்கிறாள் என்று முதல் வாரமே கேட்டேன். 

"புதைக்கிற சாமான் லட்சம் வருசம் அசையாம கெடக்கணும் எய்னோ. அதுவா நடந்து மேல வராது. தண்ணிதான் தூக்கிட்டு வரணும். தண்ணிக்கு வெடிப்பை விட்டா வேற வழி கெடையாது" என்றாள். "வெடிப்புக்குள்ள வெள்ளைப் படிவு அடைச்சிருந்தா, அது எப்பவோ மூடின கதவு. துரு நிறம் இருந்தா, மேலேயிருந்து தண்ணி வந்து போயிருக்குன்னு அர்த்தம்."

"அப்ப துரு கெட்டது."

"துரு கெட்டதும் இல்ல நல்லதும் இல்ல. துரு துருதான். எழுதணும், அவ்வளவுதான்."

இந்த 'எழுதணும், அவ்வளவுதான்' அவளைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர் இரண்டாகப் பிளந்திருந்தது. வேலை வரும், சாலை வரும், பள்ளிக்கூடத்தை மூடமாட்டார்கள் என்று ஒரு பாதி. குப்பைத்தொட்டியா எங்கள் ஊர் என்று மறு பாதி. மறு பாதிக்குத் தலைமை துவோவியின் சொந்த அக்கா ஹில்க்கா. இருபத்தெட்டு மாடு வைத்திருந்தாள். குரலும் அதற்கேற்ற குரல். கடையில் துவோவியைப் பார்த்துவிட்டால் போதும்.

"வாடி அணுக்குண்டு! இன்னைக்கு எத்தனை மீட்டர் பள்ளம் தோண்டினீங்க எங்களுக்கு?"

"ஒன்பது மீட்டர். உனக்குக் குழி ஒன்றரை மீட்டர் போதும், பயப்படாதே அக்கா."

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். ஹில்க்காவும் சிரிப்பாள். ஆனால் துவோவி கம்பெனியில் சேர்ந்த வருடத்திலிருந்து கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குத் தங்கையைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். துவோவி அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே.

தொண்ணூற்றொன்று அக்டோபரில் நான்காவது துளை ஐநூறு மீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தில்தான் கழிவை வைப்பதாகத் திட்டம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் கொண்டுபோன பெட்டியைப் பார்த்ததும் துவோவி பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். ஐநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் கல் நொறுங்கியிருந்தது. கோழிமுட்டை அளவுத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் துரு. அதற்குப் பிறகு அறுபது சென்டிமீட்டருக்குக் கல்லே இல்லை. வெறும் இடம்.

"வண்டியை எடு" என்றாள்.

மலை மேல் துளை போடும் மேஸ்திரி அஹ்தி கார்ப்பினன் எண்ணெய்க் கையோடு கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். உலகத்தில் எல்லாப் பாறையும் தன்னை ஏமாற்றவே பிறந்தது என்று நினைப்பவர்.

"என் கல் அறுபது சென்டி எங்கே அஹ்தி?" என்று கேட்டாள் துவோவி.

"நான் தின்னுட்டேன். காபிக்கு ரொட்டி இல்ல."

"விளையாடாதே. மெஷின் அரைச்சுத் தள்ளிடுச்சா, இல்ல அங்க கல்லே கெடையாதா?"

அஹ்தி கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த இடத்துல ராடு திடீர்னு லேசாயிடுச்சு. சட்டுனு இறங்கிச்சு. சூடு தணிக்க உள்ள அனுப்பின தண்ணி மேல திரும்பி வரல. ஒரு இருபது நிமிசம் வரவே இல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு."

"அதை எழுதினியா?"

அஹ்தி வெளியே பார்த்தார். மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. "கை விறைச்சுப் போயிருந்துச்சு துவோவி. பேனா புடிக்க முடியல. அப்புறம் எழுதலாம்னு விட்டேன். அடுத்த ஷிப்ட்காரன் 'வழக்கம்போல'ன்னு எழுதிட்டுப் போயிட்டான்."

"வழக்கம்போல!" துவோவி அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். "கல்லு காணோம், தண்ணி காணோம், உனக்கு அது வழக்கமா?"

"இப்ப எழுதிடவா?"

"இப்ப எழுதினா அதுக்குப் பேர் வேற. விடு."

அவள் தன்னுடைய தாளில் எழுதினாள்: தண்ணீர் ஓடும் வெடிப்புப் பகுதியாக இருக்கலாம், கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் தலைமைப் புவியியலாளர் வலேனியுஸ் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து வந்தார். நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு ஊரில் அவரைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். மேசைமேல் குனிந்து ஒரு மணி நேரம் கல்லைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்" என்றார். "மேஸ்திரி சொன்ன அந்த இருபது நிமிசம், எங்கேயாவது பதிவாயிருக்கா?"

"இல்ல."

"அப்ப அதை நான் சேர்க்க முடியாது துவோவி."

"சேர்க்க வேண்டாம். கருவியை இறக்கி அளந்துடுங்க. மேலேயும் கீழேயும் ரப்பர் அடைப்பு வெச்சு, நடுவுல தண்ணியை அழுத்திப் பார்த்தா அரை நாள்ல தெரிஞ்சுடும்."

வலேனியுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நொறுங்கின இடத்துல கருவி மாட்டிக்கிச்சுன்னா? நாடு முழுக்க அந்தக் கருவி ரெண்டுதான் இருக்கு. இந்த வருசம் அந்த இடத்தைத் தாண்டிட்டு மத்ததை அளப்போம். அடுத்த கோடையில அதுக்குன்னே ஏற்பாடு பண்றேன்."

அடுத்த கோடையில் கருவி வேறு ஊருக்குப் போய்விட்டது. நாட்டில் ஐந்து இடங்களை ஒரே சமயத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கடுத்த கோடையில் அறிக்கையே அச்சாகி வந்துவிட்டது. தடித்த புத்தகம். எண்பத்தேழாம் பக்கத்தில், நான்காம் துளை, ஐநூற்றைந்து முதல் ஐநூற்றிருபது மீட்டர் வரை: 'குறிப்பிடத்தக்க நீரோட்டம் காணப்படவில்லை.'

துவோவி அதை என்னிடம் வாசித்துக் காட்டினாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"பொய் இல்ல பாரு. அதான் வயித்தெரிச்சல். காணப்படவில்லை. எப்படிக் காணும்? யார் போய்ப் பார்த்தா?"

ஹெல்சிங்கிக்குப் போன் போட்டாள். வலேனியுஸ் சங்கடப்பட்டாராம். அவர் எழுதியது 'அளக்கப்படவில்லை' என்றுதானாம். தொகுத்தவர்கள் எல்லா அட்டவணையையும் ஒரே மாதிரி ஆக்கும்போது சொல் மாறிவிட்டதாம். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

"அடுத்த பதிப்பு எப்போன்னு கேட்டேன்" என்றாள் துவோவி. "அது இன்னும் முடிவாகலையாம்."

செய்தி எப்படியோ கசிந்து ஹில்க்காவின் காதுக்குப் போனது. ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தங்கை வேலை செய்யும் இடத்துக்கு வந்தாள். கையில் லிங்கான்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட அப்பம். நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தாளைக் குடுடி. உன் கையெழுத்துல இருக்காமே, தண்ணி ஓடுதுன்னு. ஒரே வாரத்துல பேப்பர்ல போட்டு இவனுங்களை ஓட்டிடறேன்."

"ஓடுதுன்னு நான் எழுதல. ஓடலாம்னு எழுதியிருக்கேன்."

"அந்த ஒரு எழுத்துல என்னடி இருக்கு?"

"எல்லாமே அதுலதான் இருக்கு அக்கா! அவங்க ஒரு வார்த்தையை மாத்தினாங்கன்னுதானே நான் எரிஞ்சு கெடக்கேன். நீ இன்னொரு வார்த்தையை மாத்தச் சொல்றே."

"நீ யார் பக்கம்?"

"நான் பெட்டி பக்கம்."

ஹில்க்கா அப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு போனாள். அப்பம் நன்றாகத்தான் இருந்தது. நானே தின்று தீர்த்தேன். துவோவி தொடவில்லை.

தொண்ணூற்று நான்கு மார்ச்சில் பள்ளிக்கூட விளையாட்டு அறையில் ஊர்க்கூட்டம். நாற்காலி போதாமல் சுவர் ஓரம் உடற்பயிற்சி ஏணிகளில் எல்லாம் ஆட்கள். வலேனியுஸ் படம் போட்டு விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு மரவெட்டி எழுந்து நின்றார்.

"எல்லாம் சரி. மலைக்குள்ள தண்ணி ஓடுதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

வலேனியுஸ் தாளைப் புரட்டினார். "கழிவை வைக்கிற ஆழத்துல குறிப்பிடத்தக்க நீரோட்டம் காணப்படல" என்றார். சொல்லும்போது அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துவோவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்துவிட்டாள்.

"நாலாவது துளையில காணப்படல, ஏன்னா பார்க்கல" என்றாள். "பதினஞ்சு மீட்டரை அளக்காமலே விட்டுட்டோம். அதைச் சொல்லாம இதை மட்டும் சொல்றது சரியில்ல."

 ஹில்க்காவின் ஆட்கள் கைதட்டத் தொடங்கினார்கள். யாரோ விசிலடித்தான். துவோவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நிறுத்துங்க! எதுக்குக் கைதட்டறீங்க? தண்ணி இருக்குன்னு நான் சொல்லவே இல்ல. பார்க்கலைன்னு சொன்னேன். பார்த்தா ஒருவேளை காய்ஞ்சே கெடக்கலாம். அப்பவும் கைதட்டுவீங்களா?"

கைதட்டல் நின்றது. இப்போது மறுபாதியிலிருந்து ஒருவர், "அப்ப உனக்கு என்னதான் தெரியும்?" என்று கத்தினார்.

"தெரியாதுங்கறது தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கூடமே சிரித்தது. இரண்டு பாதியும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான், அதுவும் அவளைப் பார்த்து. வீடு வரும் வழியெல்லாம் வண்டியில் அவள் மடியில் இருந்த கையுறைகளை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் புதுக் கல் பார்க்கும் வேலை ஒரு இளைய புவியியலாளருக்குப் போயிற்று. இவளுக்குப் பழைய பெட்டிகளுக்குப் புது எண் எழுதும் வேலை. நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் கல். சாக்பீஸ் அழிந்த இடமெல்லாம் பெயின்ட். ஒரு வருடம் கழித்து, "எண் எல்லாம் முடிஞ்சது" என்று போன் செய்தாளாம். "ரொம்ப நல்லது, இப்ப எண் முறையை மாத்தியிருக்கோம்" என்று பதில் வந்ததாம். அன்றைக்கு அவள் பெயின்ட் டப்பாவை வெளியே பனியில் வீசி எறிந்தாள். பிறகு அவளே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

வலேனியுஸ் மட்டும் வாக்கை மறக்கவில்லை. தொண்ணூற்றாறு ஜனவரியில் கருவியோடு மூன்று பேரை அனுப்பினார். துவோவி முதல்நாளே மலைக்குப் போய்க் கொட்டகையில் அடுப்பு மூட்டி, பனியை வழித்து, எல்லாம் தயாராக வைத்தாள். மைனஸ் முப்பத்து நாலு. கருவியை நூறு மீட்டர் இறக்குவதற்குள் கேபிளின் உறை விறைத்து, மரக்குச்சி மாதிரி முறிந்துபோனது. வந்தவர்கள் கேபிளைச் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினார்கள்.

"எப்ப திரும்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டா வருவோம்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

தொண்ணூற்றொன்பதில் முடிவு வந்தது. மேற்குக் கடற்கரையில், அணு உலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே புதைக்கப் போகிறார்களாம். கழிவை நாடு முழுக்க லாரியில் தூக்கி வர வேண்டாம், அந்த ஊர்க்காரர்களுக்கும் பழகிப்போன விஷயம். எங்கள் மலையைப் பற்றி அறிவிப்பில் ஒன்றரை வரி. பாறை நல்லது என்றோ கெட்டது என்றோ இல்லை. 'மேற்கொண்டு ஆய்வு தேவைப்படாது.'

ஹில்க்கா வீட்டில் கேக் வெட்டினார்கள். தங்கையையும் கூப்பிட்டாள், இத்தனை வருடத்துக்குப் பிறகு. துவோவி போனாள். நானும் போயிருந்தேன். ஹில்க்கா அவளைக் கட்டிக்கொண்டு, "ஜெயிச்சுட்டோம்டி" என்றாள்.

"என்னத்த ஜெயிச்சோம்? யாரும் பதிலே சொல்லலையே."

"அதான் போயிட்டானுங்களே! இன்னும் என்ன பதில்?"

துவோவி கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள். "உனக்குப் புரியாது அக்கா" என்றாள். கோபமாக அல்ல, களைப்பாக. கேக்கை முழுக்கத் தின்றாள்.

இரண்டாயிரம் ஆகஸ்டில் துளைகளை மூட உத்தரவு வந்தது. அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் கரைசல் ஊற்றி நிரப்ப வேண்டும். அஹ்தியைத்தான் அனுப்பியிருந்தார்கள். அவருக்கு ஓய்வு பெற மூன்று மாதம் பாக்கி. மீட்டருக்கு இரண்டரை லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கலந்து வைத்திருந்தார்கள். குழாய் வழியாகச் சிமென்டை அடியில் விடுவார்கள். எடை கட்டிய கம்பியை இறக்கி, மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் மூன்று துளையும் கணக்குப்படி நிரம்பின.

நான்காவது துளையிலும் எழுநூறாவது மீட்டரிலிருந்து ஐநூற்றுச் சொச்சம் வரை மட்டம் ஒழுங்காக ஏறியது. பிறகு நின்றது. அஹ்தி இன்னும் ஐம்பது லிட்டர் விட்டார். கம்பியை இறக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றாள் துவோவி.

"ஐநூத்துப் பன்னெண்டு."

இன்னும் நூறு. ஐநூற்றுப் பன்னிரண்டு. இன்னும் இருநூறு. அதே ஐநூற்றுப் பன்னிரண்டு. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. மலை குடித்துக்கொண்டே இருந்தது. தொள்ளாயிரத்து நாற்பது லிட்டர் போன பிறகு கரைசலே தீர்ந்துவிட்டது.

அஹ்தி பம்பை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். "யம்மாடி" என்றார், அவ்வளவுதான்.

துவோவி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, நேரத்தையும் லிட்டரையும் ஒவ்வொரு வரியாக எழுதி முடித்தாள். எழுத்து சுத்தமாக இருந்தது. எழுதி முடித்ததும்தான் வெடித்தாள்.

"ஒன்பது வருசம்! அரை நாள் வேலைக்கு ஒன்பது வருசம் என்னை நாய் மாதிரி கெஞ்ச வெச்சானுங்க! இப்ப மூடுறப்போ தெரியுது!" வாளியை ஓர் உதை உதைத்தாள். அது சரிவில் உருண்டு போய்ப் புதரில் நின்றது. அஹ்தி அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அன்னைக்கு நான் எழுதியிருக்கணும்" என்றார்.

"ஆமா, எழுதியிருக்கணும்" என்றாள் துவோவி. ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் கெட்டியாகக் கலந்த சிமென்டும் சரளைக்கல்லும் போட்டுத்தான் அந்த இடத்தை அடைத்தார்கள்.

அன்றே வலேனியுஸுக்குப் போன் செய்தாள். அவர் கணக்கை முழுக்கக் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "நீங்க சொன்னது சரி. அப்பவே நான் கருவியைப் பணயம் வெச்சிருக்கணும்" என்றாராம். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டாள். கம்பெனிக்கு எழுதுங்கள், நான் ஆதரிக்கிறேன் என்றார். எழுதினாள். எண்பத்தேழாம் பக்கத்தைத் திருத்த வேண்டும், சிமென்ட் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறது. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: கோர்ப்பிவாரா இப்போது ஆய்வில் இல்லாத இடமாதலால் திருத்தம் தேவைப்படாது, தங்கள் அக்கறைக்கு நன்றி. மறுபடி எழுதினாள். அதே பதில், வேறு ஆள் கையெழுத்து. மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

கல்பெட்டிகளை அரசுக் கிடங்குக்கு நான்தான் லாரியில் ஏற்றினேன். பெட்டியில் கல் காணாமல்போன இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வைப்பது வழக்கம். ஏற்றுவதற்கு முன் அந்த அறுபது சென்டிமீட்டர் கட்டையை எடுத்து, துவோவி பெயின்டால் எழுதினாள்: 'இங்கே சிமென்ட் 940 லிட்டர் போனது. 17.8.2000. து. கெம்பைனன்.' 

"யார் இதைத் திறந்து பார்க்கப் போறா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றாள். "ஏத்து."

இப்போது அவள் கிணறு தோண்டும் ஒரு சின்னக் கம்பெனியோடு சுற்றுகிறாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பண்ணைக்காரர்களுக்கு எங்கே போர் போட்டால் தண்ணீர் வரும் என்று சொல்கிற வேலை. போன வாரம் சாலையில் வண்டியை நிறுத்திப் பேசினேன். ஒரு பண்ணையில் அவள் காட்டிய இடத்தை விட்டுவிட்டு, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கம் என்று வேறு இடத்தில் போட்டார்களாம். தொண்ணூறு மீட்டர் போயும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நீ சொன்னதை எழுதிக் குடுத்தியா?" என்றேன்.

"குடுத்தேன். படிக்கலையாம்." வண்டியின் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு பாதி இறக்கி, "இத்தனைக்கும் ஒரே பக்கம்தான் எய்னோ, ஒரே ஒரு பக்கம்!" என்று கத்திவிட்டு, சேற்றை வாரியடித்துக்கொண்டு போனாள்.